அவளுக்காக எழுதிய பாட்டு

டேன் கெஸ்லர் கொண்டுவந்த பாட்டுகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஓஸெல்லா மின்டர் தலையாட்டிவிட்டாள். எல்லாமே அடுத்தவர்கள் பாடிப் பேர் வாங்கிய, கறுப்பர்களின் பழைய சோல் பாட்டுகள், ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகள். அவற்றைப் பாடியவர்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதிப் பேர் உல்லாசக் கப்பல்களில், சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டுகளை எழுபதைத் தாண்டிய ஒருத்தியின் குரலில், அவை பிறந்த மெம்ஃபிஸிலேயே, பழைய வாத்தியங்களை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது டேனின் ஆசை. நாஷ்வில்லிலிருந்து வந்த வெள்ளைக்காரன், ஆல்பம் தயாரிக்கிறவன். நாற்பது வயதிருக்கும். நல்லவன்தான். ஓஸெல்லா பொரித்துப் போட்ட கெளுத்தி மீனை விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டான்.

"இது மட்டும் வேண்டாம்" என்றாள் ஓஸெல்லா.

"மிஸ் ஓஸெல்லா, இந்த ஆல்பத்துக்கே இதுதாங்க உயிரு. இதைப் பாடாம விட்டா ஏன் பாடலைன்னு எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"எழுதினது உங்க வீட்டுக்காரர். அதுவும் உங்களுக்காக எழுதினது."

"ஆமா தம்பி. எனக்காகத்தான் எழுதினாரு" என்று சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தப் பாட்டின் பெயர் 'பின்வாசல் விளக்கு'. எழுதிப் பாடியவன் அவள் புருஷன் அலான்ஸோ கிரைடர். தப்புச் செய்துவிட்ட புருஷன் ஒருத்தன் மழையில் பின்கட்டில் நின்றுகொண்டு, உள்ளே வரச் சொல்ல வேண்டாம், விளக்கை மட்டும் போடு, உன் நிழலைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று பெண்டாட்டியிடம் கெஞ்சுவதுதான் பாட்டு. தெற்கு மெம்ஃபிஸில் அந்தப் பாட்டு இல்லாமல் கல்யாணம் கிடையாது. ஐம்பதாவது கல்யாண நாள் கொண்டாடும் கிழவன் அந்தப் பாட்டுக்குத் தன் கிழவியைக் கையைப் பிடித்து இழுத்து ஆடுவான். சண்டை போட்டுக்கொண்டு போன மாப்பிள்ளைகள் வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, அதைத்தான் சத்தமாக வைப்பார்கள்.

ஓஸெல்லாவும் ஒரு காலத்தில் பாட்டுக்காரிதான். அறுபதுகளில் அவள் பாட்டு இரண்டு வானொலியில் ஓடியது. மூன்றாவது ஓடவில்லை. அது பதிவாகவே இல்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஓட்டி, ஓட்டி, ஓய்வும் பெற்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயச் சபையின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று பாடினாள். அங்கேதான் டேன் அவளைக் கண்டுபிடித்தான்.

மூன்றாவது பாட்டு ஏன் பதிவாகவில்லை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் அலான்ஸோ. அவன் செத்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அது ஒரு குளிர்காலம். அந்த வருஷம் வானொலியில் அவள் பாட்டு ஓடியது, அலான்ஸோவின் பாட்டு எதுவும் ஓடவில்லை. சனிக்கிழமை கிளப்பில் ஒருத்தன் கை கொடுக்க வந்தவன், "வாங்க மிஸ்டர் மின்டர்" என்று அவனைப் பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். அலான்ஸோ அங்கே சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து ஓஸெல்லா கீரையை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது, சுவரிலிருந்த தொலைபேசியின் ரிசீவரைக் கழற்றி அவள் முகத்தில் அடித்தான். அந்தக் காலத்துத் தொலைபேசி இரும்புத் துண்டு மாதிரி கனக்கும். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. ஒத்திகைக்கு அவர்களைக் கூட்டிப்போக வந்த லூட்ரெல் ஹாப்ஸ், ஆர்கன் வாசிக்கிறவன், அவளைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். படியில் பனி உறைந்திருந்தது, வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அலான்ஸோ சொன்னான். லூட்ரெல் பக்கத்தில் நின்றான். எதுவும் சொல்லவில்லை.

பல்லோடு பல்லைக் கம்பி வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அலான்ஸோதான் எல்லாம் செய்தான். கோழி வேகவைத்த தண்ணீரை வடிகட்டி உறிஞ்சுகுழாய் போட்டுக் கொடுத்தான். தலை அலசிவிட்டான். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒரு நாள் கட்டில் ஓரத்தில் கிட்டாரோடு உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினான். முடித்துவிட்டு, "நல்லாருக்கா ஓஸி?" என்று கேட்டான். அவளால் பேச முடியாது. தலையை ஆட்டினாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அவள் பாட்டுக்காரி. நல்ல பாட்டு எது, கெட்ட பாட்டு எது என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

கம்பியை எடுத்தபோது வாய் பழைய அளவுக்குத் திறக்கவில்லை. மேல்ஸ்தாயி போயிருந்தது. இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பாட்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். 'பின்வாசல் விளக்கு' கோடையில் வெளியாகி நாடு முழுக்க ஓடியது. ஊருக்கு ஊர் அலான்ஸோ மேடையில் மண்டியிட்டு அதைப் பாடினான். வீட்டில் அடிப்பதை நிறுத்தவில்லை. முகத்தில் மட்டும் அடிப்பதில்லை. பிறகு ஒரு மழை நாளில் அவன் கார் பாலத்தூணில் மோதி அவன் செத்தபோது, மகள் ரெனெட்டாவுக்கு ஏழு வயது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டு ஓஸெல்லா வாயை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை கம்பி எதுவும் தேவைப்படவில்லை.

டேன் விட்டுவிடுகிற ஆள் இல்லை. ரெனெட்டாவிடம் தொலைபேசியில் பேசிவிட்டான். சனிக்கிழமை அவள் பன்றி விலா வறுவலும் மக்காச்சோள ரொட்டியும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். நாற்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. அப்பாவின் நெற்றி, அப்பாவின் நீண்ட விரல்கள். அவன் பிறந்து வளர்ந்த தெருவுக்கு அவன் பேரை வைக்க வேண்டுமென்று நான்கு வருஷமாக நகரசபைக்கும் வீட்டுக்குமாக அலைந்து அப்போதுதான் சாதித்திருந்தாள்.

"ஏம்மா அடம் பிடிக்கிறே?" என்றாள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

"எனக்கு அந்த ஸ்தாயி எட்டாதுடி."

"கீழே இறக்கிப் பாடு. மத்த பாட்டெல்லாம் அப்படித்தானே பாடுறே?"

"அந்தப் பாட்டு உங்கப்பனோடது. அவனோடவே இருக்கட்டும்."

"அப்பாவுக்கு வேற யாரும்மா இருக்கா? நானும் நீயும்தான். தெருப்பேர் வைக்கிற அன்னிக்கு நீ அதைப் பாடினா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு. என் கல்யாணத்துல அப்பா இல்ல. பட்டம் வாங்குனப்ப அப்பா இல்ல. அந்தப் பாட்டு மட்டும்தான் இருந்துச்சு. மனசு கஷ்டமா இருந்தா அதைப் போட்டுக் கேப்பேன். ஒரு மனுசன் ஒரு பொம்பளையை இவ்வளவு நேசிச்சிருக்கான், அதுல பொறந்தவ நான், அப்படின்னு நெனச்சுக்குவேன்."

ஓஸெல்லா மகளின் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்தாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் இந்தப் பெண்ணிடம் இவ்வளவு வருஷமாக அப்பாவைப் பற்றி நல்லதாகவே சொல்லி வளர்த்தவள் அவள்தான். கொடுக்க வேறு எதுவும் இல்லாதபோது அதைக் கொடுத்தாள். கொடுத்ததை எப்படிப் பிடுங்குவது?

"சரி, பாடுறேன்" என்றாள்.

ஸ்டூடியோவில் அன்று நல்ல குளிர். குளிர் நாளில் அவள் தாடை சொடுக்குப் போடும். ஆர்கனில் லூட்ரெல் உட்கார்ந்திருந்தான். ஆள் மெலிந்து, முதுகு வளைந்து, விரல்கள் மட்டும் பழையபடி இருந்தன. இருவரும் ஒரே சபைக்குப் போகிறவர்கள். ஞாயிறுதோறும் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசியதில்லை.

டேன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் லூட்ரெல் குரலைத் தாழ்த்தினான். "ஓஸி, வேண்டாம்னா சொல்லிடு. எனக்குக் கை வலிக்குதுன்னு நான் எந்திரிச்சுடறேன்."

"வாசி."

"வேகமாவா, மெதுவாவா?"

"மெதுவா. அவன் பாடினதைவிட மெதுவா. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா விழணும்."

அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பாட்டை அப்படியே பாடுவது, ஆனால் கெஞ்சாமல் பாடுவது. நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வாசிக்கிற மாதிரி. மழையில் நிற்கிறேன் என்றால் நில். உன் நிழலைப் பார்க்கணும் என்றால் எந்தக் கையால் என்ன செய்துவிட்டு வந்து கேட்கிறாய். காது இருக்கிறவனுக்குக் கேட்கும் என்று நம்பினாள். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அடுப்பில் கீரை தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. உயரமாகப் போக வேண்டிய இடத்தில் குரல் எழும்பவில்லை. உடைந்து, வெறும் காற்றாக வெளியே வந்தது. அதை அப்படியே விட்டாள்.

ஒரே தடவைதான். முடிந்ததும் டேன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். முகம் முழுக்க ஈரம்.

"மிஸ் ஓஸெல்லா, இவ்வளவு வருஷம் கழிச்சும் அவர்மேல இத்தனை பிரியமா" என்றான். அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

ஓஸெல்லா கையை விடுவித்துக்கொண்டு வெளியே போனாள். லூட்ரெல் அவளுக்கு முன்பே வந்து சுவரோரம் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான். டாக்டர் வேண்டாம் என்று சொல்லி ரொம்ப நாளாகிறது.

"நீயும் பிரியம்னுதான் கேட்டியா?" என்றாள்.

"இல்ல. எனக்கு வேற கேட்டுச்சு."

"அப்ப அவனுக்கு ஏன் கேக்கல?"

"பாட்டு அப்படி, ஓஸி. கெட்டிக்காரன் செஞ்ச பாட்டு. அதுல நீ எதை ஊத்தினாலும் அது காதலாத்தான் வெளிய வரும்."

அவன் சொன்னபடிதான் நடந்தது. ஆல்பம் வசந்தத்தில் வெளிவந்தது. மற்ற பாட்டுகளைப் பற்றி ஓரிரண்டு வரி எழுதினார்கள். 'பின்வாசல் விளக்கு' பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். மன்னித்தவளின் குரல் என்று ஒருவர் எழுதினார். அவன் கேட்ட கேள்விக்கு அவள் கடைசியில் பதில் சொல்லிவிட்டாள் என்று இன்னொருவர் எழுதினார். ரெனெட்டா அவற்றை வெட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். ஓஸெல்லாவை லிட்டில் ராக், பர்மிங்ஹாம், அட்லாண்டா என்று கூப்பிட்டார்கள். இளமையில் கிடைக்காத மேடை எல்லாம் கிடைத்தது. எங்கே போனாலும் கடைசியில் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். பாடினாள். ஜோடி ஜோடியாக எழுந்து ஆடினார்கள்.

பர்மிங்ஹாமில் பாடி முடித்தபின் சி.டி.யில் கையெழுத்துப் போட உட்கார்ந்திருந்தபோது மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் வந்தாள். பின்னால் அவள் புருஷன், நல்ல உயரமான பையன், தோளில் தூங்கும் குழந்தையோடு நின்றான்.

"நாங்க பிரிஞ்சிட்டோம் மேடம். நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். இவரு உங்க பாட்டை எனக்குப் போன்ல போட்டுக் காமிச்சாரு. அவங்களே மன்னிச்சிருக்காங்க, நாம யாருன்னு தோணிச்சு. திரும்பி வந்துட்டேன்."

பவுடரை அவள் பூசத் தெரிந்து பூசியிருந்தாள். ஆனால் இடது கண்ணுக்குக் கீழே அந்த மஞ்சள் நிறத்தை ஓஸெல்லாவுக்குத் தெரியாதா? அடி விழுந்து ஐந்தாறு நாள் ஆனால் அந்த நிறம் வரும்.

"ரொம்ப நன்றிங்கம்மா" என்றான் பையன். குரலில் பணிவு இருந்தது. "என் குடும்பத்தையே திருப்பிக் குடுத்துட்டீங்க."

ஓஸெல்லா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். போகாதே என்று சொல்ல நினைத்தாள். வாய் திறந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் பெண் ஆசீர்வாதம் என்று நினைத்துக் குனிந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். கதவருகில் பையன் அவள் முதுகில் கை வைத்து வழிகாட்டிக் கூட்டிப்போவதை ஓஸெல்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனா கையில் அப்படியே நின்றது.

மறுநாள் டேனுக்குத் தொலைபேசி செய்தாள். "அந்தப் பாட்டை எடுத்துடு தம்பி."

"எங்கேருந்துங்க?"

"ஆல்பத்துலேருந்து. கடையிலேருந்து. எல்லா இடத்துலேருந்தும்."

டேன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பதமாகச் சொன்னான். "அது என் கையில இல்ல மிஸ் ஓஸெல்லா. கையைவிட்டுப் போயாச்சு. இப்ப அது ஜனங்களோடது."

அந்தப் பெண்ணின் பேர்கூட அவளுக்குத் தெரியாது. எங்கே போய்த் தேடுவது? அந்த வாரம் முழுவதும் சமைத்ததைச் சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள்.

தெருவுக்குப் பேர் வைக்கும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் பழைய நாடக அரங்கில் கச்சேரி. ஊரே வந்திருந்தது. கோயிலுக்குப் போடும் தொப்பிகள், பட்டுக் கைக்குட்டைகள், வெள்ளைக் காலணிகள். முன்வரிசையில் நகரசபைக்காரர்கள், பாஸ்டர், நடுவில் ஊதாப் பட்டுடையில் ரெனெட்டா. மேடைக்குப் பின்னால் அலான்ஸோவின் படம் ஆள் உயரத்துக்கு மேல் தொங்கியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஓஸெல்லா கடைசிப் பாட்டுக்கு வந்தாள். அந்தப் பாட்டில் நடுவில் ஓர் இடம் உண்டு. எல்லாம் அடங்கி, ஆர்கன் மட்டும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். பாடுகிறவர் பாட்டை நிறுத்திவிட்டுச் சனங்களோடு பேசுவார். அலான்ஸோ அந்த இடத்தில் மண்டியிடுவான். இத்தனை ஊரிலும் ஓஸெல்லா அந்த இடத்தில் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று பேசினாள்.

"இந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு சொல்லட்டா?"

"சொல்லு தாயி" என்றது கூட்டம்.

"ஒரு ஞாயித்துக்கிழமை. கோயிலுக்குப் போயிட்டு வந்து கீரை வேகவச்சுக்கிட்டிருந்தேன்."

"ஆமென்" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

"என் வீட்டுக்காரர் செவத்துலேருந்து போனைக் கழட்டி என் மூஞ்சியில அடிச்சாரு."

"சொல்லும்மா, சொல்லு" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி பழக்க தோஷத்தில் குரல் கொடுத்தாள். மற்றவர்கள் கொடுக்கவில்லை.

"தாடை ரெண்டு எடத்துல ஒடஞ்சுது. கம்பி போட்டுக் கட்டினாங்க. என் வாயைக் கட்டிப் போட்டிருந்தப்பதான் அவரு இந்தப் பாட்டை எழுதினாரு. பக்கத்துல உக்காந்து எழுதினாரு. நல்லாருக்கான்னு கேட்டாரு. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் இல்ல."

ஆர்கன் நிற்கவில்லை. லூட்ரெல் தலையைக் குனிந்துகொண்டு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"லூட்ரெல், என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரு?"

அவனுக்கு முன்னால் ஒலிவாங்கி இல்லை. ஆனாலும் அரங்கம் முழுக்கக் கேட்டது. "நான்தான் ஓஸி. நான்தான் ஓட்டினேன். எனக்குத் தெரியும்."

"அவரு செத்துப்போயிட்டாரு, விடும்மா" என்று ஓர் ஆண்குரல் மேல்மாடியிலிருந்து வந்தது. "இன்னிக்குப் போயி இதைச் சொல்லணுமா?" என்று இன்னொன்று.

"என் பாட்டைக் கேட்டுட்டு ஒரு பொண்ணு அடிக்கிறவன்கிட்டத் திரும்பிப் போயிருக்கா" என்றாள் ஓஸெல்லா. "நான் யாரையும் மன்னிக்கல. அதைச் சொல்லத்தான் நின்னேன். வேற ஒண்ணும் இல்ல."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பெண்கள் சிலர் அழுதார்கள். சிலர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.  ரெனெட்டா எழுந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவின் படத்தையும் பார்க்கவில்லை. பாஸ்டர் அவள் முழங்கையைத் தொட வந்தார். விலக்கிவிட்டு நடுவழியே நடந்து வெளியே போனாள். ஊதா நிறம் கதவுக்கு அப்பால் மறைகிறவரை ஓஸெல்லா பார்த்துக்கொண்டு நின்றாள். மீதிப் பாட்டைப் பாடவில்லை.

மறுநாள் விழா நடக்கவில்லை. அடுத்த வாரம் நகரசபை ஆட்கள் இரண்டு பேர் ஏணியோடு வந்து, யாரையும் கூப்பிடாமல், தெருமுனைக் கம்பத்தில் பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். ஒப்புதல் ஆகிவிட்டது, மாட்டாமலிருக்க முடியாதாம். வானொலிக்குப் போன் போட்டு ஒரு வாரம் சண்டை போட்டார்கள். பழி வாங்கிவிட்டாள் கிழவி என்றார்கள். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்றார்கள். சிலர் என் அம்மாவுக்கும் இப்படித்தான் என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் லைனைத் துண்டித்தார்கள். ஆல்பம் முன்னைவிட அதிகமாக விற்றது. டேன் சங்கடத்தோடு அதைச் சொன்னான். ஓஸெல்லா அவனோடு அதற்குப் பிறகு பேசவில்லை. கச்சேரிகளுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். சபையில் சிலர் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதைத் தவிர்த்தார்கள். லூட்ரெல் மட்டும் முன்பு தள்ளி உட்காருகிறவன், இப்போது அவள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்தான்.

கோடை முடிகிற சமயத்தில் ரெனெட்டா வந்தாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். ஓஸெல்லா இனிப்பு டீ ஊற்றி வைத்தாள். அவள் தொடவில்லை.

"என்னைக் கூப்பிட்டு உக்காரவச்சுச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். "ஆயிரம் பேருக்கு நடுவுல சொன்னே."

"உன் முகத்தைப் பாத்தா சொல்ல வந்திருக்காது."

"என் முகத்தைத்தானே பாத்துக்கிட்டு நின்னே."

ஓஸெல்லா தலையாட்டினாள். "தப்புதான்" என்றாள்.

"அவரு என்னை அடிச்சதே இல்ல."

"இல்ல. உன்னைத் தொட்டதில்ல."

ரெனெட்டா மேசைத்துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "சின்னதுல எனக்குக் கதை சொல்லுவே. அப்பா என்னைத் தோள்ல வச்சு ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போயி கப்பல் காட்டினாருன்னு. அது?"

"அது உன் மாமா. என் தம்பி."

"காய்ச்சல்ல ராத்திரி பூரா பாடிக்கிட்டே இருந்தாருன்னு சொன்னியே?"

"அது நான்."

"என்னை முதல்ல பாத்தப்ப அழுதாருன்னு?"

"அழுதான். அது நெசம்."

"பள்ளிக்கூடத்துல முதல் நாளு. செவப்பு ஷூ வேணும்னு நான் அழுதேன். இந்த ஊர்ல கெடைக்கலன்னு செயின்ட் லூயிஸ் வரைக்கும் காரை ஓட்டிட்டுப் போயி வாங்கிட்டு, திரும்பி ஓட்டிட்டு வந்தாருன்னு."

ஓஸெல்லா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்வது சுலபமாயிருந்திருக்கும். அவனிடமிருந்து அதையும் பறித்துவிடலாம். இவளுக்கும் மனசு லேசாகும், வெறுத்துவிட்டுப் போகலாம்.

"அதும் நெசம்தான். விடியறதுக்குள்ள வந்துட்டான். பெட்டியை உன் தலைமாட்டுல வச்சான்."

ரெனெட்டா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. ஓஸெல்லா எழுந்து பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் பொய்யாயிருந்தா பரவாயில்லம்மா" என்றாள் ரெனெட்டா, கைகளுக்குள்ளிருந்தே. "அந்த ஷூ நெசமா இருக்கறதுதான் என்னால தாங்க முடியல."

பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். குடிக்காத டீயைக் கொட்டிவிட்டுக் குவளையை அலசிக் கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாயா என்று அம்மா கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள். கார் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கிறவரை ஓஸெல்லா வாசலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்குச் சமைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் சமைத்தாள். இலையெல்லாம் உதிர்ந்து குளிர் ஏறியபிறகு ஒரு ஞாயிறு ரெனெட்டா வந்தாள். அப்பாவைப் பற்றி இருவரும் பேசவில்லை. கோழியில் உப்புக் கம்மி என்று மட்டும் சொன்னாள்.